பத்து சோம் நோட்டில் இருக்கும் மனிதர்

எங்கள் ஊரில் எனக்கு "ரஷ்யா டாக்டர்" என்று பெயர். மருந்துக்கடைக்காரர் ஆள் அனுப்பும்போதும் "ரஷ்யா டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்றுதான் சொல்வார். நான் ரஷ்யாவில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. படித்தது கிர்கிஸ்தானில், பிஷ்கெக் நகரத்தில், ஆறு வருடம். அங்கிருந்து மாஸ்கோ ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். டெல்லி அதைவிட ரொம்பப் பக்கம். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன்.

"கிர்கிஸ்தான்னா எங்க இருக்கு?"

"முன்னாடி சோவியத் யூனியன்ல இருந்த நாடு."

"அப்ப ரஷ்யாதானே டாக்டர்?"

அதோடு பேச்சு முடிந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வீட்டிலேயே அப்பாவின் அலமாரியில் ஒரு தட்டுக்கு "ரஷ்யப் புத்தகங்கள்" என்று பெயர். மாஸ்கோவிலிருந்து தமிழில் அச்சாகி வந்த, கெட்டி அட்டை போட்ட, விலை மலிவான புத்தகங்கள். அதில் 'ஜமீலா'வைப் பள்ளியில் படிக்கும்போதே இரண்டு மூன்று தடவை படித்திருக்கிறேன். போர்க்காலத்தில் தானிய மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போகும் ஜமீலா, கால் ஊனத்தோடு போரிலிருந்து திரும்பிய தானியார், ராத்திரியில் ஸ்தெப்பி வெளியில் அவன் பாடும் பாட்டு. ரஷ்யாவில் இப்படி ஒரு கிராமம் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கிர்கிஸ்தானின் தலாஸ் பள்ளத்தாக்கு என்பதும், எழுதிய சிங்கிஸ் ஐத்மாத்தவ் கிர்கிஸ்காரர் என்பதும் பிஷ்கெக்குக்குப் போய் இரண்டாவது வருடத்தில்தான் எனக்கு உறைத்தது. அந்த ஊர்க் கதையை நான் தமிழில் படித்திருக்கிறேன் என்று சொன்னபோது எங்கள் வீட்டுக்கார அம்மா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னை ஒரு நிமிடம் அப்படியே பார்த்தார்.

அவரைப் பற்றித்தான் இதில் நிறையச் சொல்லப்போகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் ரஷ்ய மொழியும் இலக்கியமும் சொல்லிக்கொடுத்தவர், பிறப்பால் கிர்கிஸ். நான் அவரை "எஜே" என்று கூப்பிடுவேன். கிர்கிஸில் அக்கா என்று அர்த்தம். பெண் ஆசிரியர்களையும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். முன்பின் தெரியாத பெண்ணையும் எஜே என்பார்கள், ஆண் என்றால் பாய்கே. கடையில், பேருந்தில், ஆஸ்பத்திரி வரிசையில் எங்கேயும் அக்கா, அண்ணன்தான். ரஷ்ய மொழியில் இந்த வழக்கம் இல்லை. ஆனால் பிஷ்கெக்கில் முழுக்க முழுக்க ரஷ்ய மொழியில் பேசுகிறவர்கள்கூட நடுவில் ஒரு எஜே, ஒரு பாய்கே போடாமல் பேசுவதில்லை. பெரிய மொழிதான் சின்ன மொழியை மாற்றும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்த இரண்டு சொற்களும் ரொம்பப் பிடித்துப்போயின. தமிழ்நாட்டிலிருந்து போன பையனுக்கு அந்த ஊர் சீக்கிரமே பழகியதற்கும் அவைதான் காரணம்.

மற்றபடி நகரம் முழுக்க ரஷ்ய மொழிதான். மார்ஷ்ரூத்கா என்கிற மினி வேனில் ஏறினால் ரஷ்ய மொழி, பாங்கில் ரஷ்ய மொழி, மருத்துவமனைக் குறிப்பேட்டில் ரஷ்ய மொழி. நான் படித்த காலத்தில் விமான டிக்கெட்டில் பிஷ்கெக்குக்குப் போட்டிருந்த மூன்றெழுத்துக் குறியீடு, ஊரின் பழைய பெயரான ஃப்ரூன்சேயிலிருந்து எடுத்ததுதான். மிகயில் ஃப்ரூன்சே செம்படைத் தளபதி. 1885இல் அதே ஊரில் பிறந்தவர், அப்போது அதன் பெயர் பிஷ்பெக். 1926இல் ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1991 வரை அந்தப் பெயர் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் கிர்கிஸ் நாக்குக்கு 'ஃப' என்ற ஒலி சொந்தமில்லை. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வருவதும் அதற்கு ஒத்துவராது. அதனால் பழைய கிராமத்து ஆட்கள் "புருன்சே" என்பார்களாம். ஒரு நாட்டுத் தலைநகரத்தின் பெயரை அந்த நாட்டு மக்களே 65 வருடம் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றித்தான் சொல்ல வேண்டியிருந்தது. இதை எஜே சொன்னபோது எனக்கு ஃபேனை "பேனு" என்று சொல்லும் என் பாட்டி ஞாபகம் வந்தது.

நான்காம் வருடம் வார்டில் நடந்த ஒரு விஷயம் என்னை ரொம்ப உலுக்கியது. நரீன் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வெள்ளைத் தலைத்துணி, விரல் முழுக்க வெடிப்பு. அவருக்கு ரஷ்ய மொழி வராது. எனக்கு கிர்கிஸ் வராது. கூட இருந்த பயிற்சி மருத்துவர் கிர்கிஸ் பெண், பிஷ்கெக்கிலேயே பிறந்து ரஷ்யப் பள்ளியில் படித்தவள். பாட்டி நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துத் திரும்பத் திரும்ப ஏதோ சொன்னார். "ஜுரோக் என்கிறார், இதயம்" என்றாள் அவள். உடனே இசிஜி எடுத்தோம். ஒன்றும் இல்லை. மறுபடி எடுத்தோம். பாட்டி பொறுமையாக அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் தரை துடைக்க வந்த அம்மா, துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "அவருக்கு வாந்தி வருகிற மாதிரி இருக்காம்" என்று ரஷ்ய மொழியில் சொன்னார்.

கிர்கிஸில் குமட்டலை "இதயம் சுற்றுகிறது" என்றுதான் சொல்வார்கள். நம் ஊர்ப் பாட்டி "நெஞ்சு எரியுது" என்றால் இரைப்பையைச் சொல்கிறார், இதயத்தை அல்ல என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கும் தன் பாட்டி பேசும் மொழியில் அப்படி யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருக்க வேண்டும். அன்று சாயந்திரம் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவள் கெட்டிக்காரி, என்னைவிட நல்ல மாணவி. தவறு அவளுடையது இல்லை.

ஊர் விட்டு வரும்போது எஜே எனக்கு ஒரு கவர் கொடுத்தார். உள்ளே பழைய நோட்டுகள், ஐந்து சோம், பத்து சோம், ஐம்பது சோம். நான் இருந்த காலத்தில் ஐந்துக்கும் பத்துக்கும் நாணயம் வந்துவிட்டது, நோட்டு கண்ணில் படுவதே அபூர்வம். சோமுக்கும் நம் ரூபாய்க்கும் மதிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக, கவரில் இருந்த மொத்தப் பணத்துக்கு நம் ஊரில் ஒரு சாப்பாடு வரும், அவ்வளவே. ஆனால் அந்த நோட்டுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் அந்த நாட்டின் நூறு வருடக் கதை அதில் இருக்கிறது.

1993 மே மாதம் கிர்கிஸ்தான் ரூபிளை விட்டுவிட்டுச் சொந்தப் பணத்துக்கு மாறியது. மத்திய ஆசியாவில் முதலில் மாறிய நாடு அதுதான். அதுவரை பார்த்துப் பழகிய நோட்டில் இருந்தது லெனின் முகம். இனி யார் முகத்தைப் போடுவது என்று அவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பெயர்களைப் பார்த்தால், ராணுவத் தளபதிகள் இல்லை, கட்சித் தலைவர்கள் இல்லை. இசையமைப்பாளர், நடனக் கலைஞர், மொழியியலாளர், கவிஞர்கள், கிர்கிஸ் மக்களின் மனாஸ் காவியம் பாடியவர், ஒரே ஒரு அரசி.

பத்து சோமில் இருப்பவர் காசிம் தினிஸ்தானவ். 1901இல் பிறந்தவர். கவிஞர், மொழியியலாளர், கொஞ்ச காலம் கல்விக்குப் பொறுப்பான மக்கள் கமிசார், அதாவது அமைச்சர். கிர்கிஸ் மொழிக்கு இலக்கணப் பாடநூல்கள் எழுதியவர். அதுவரை கிர்கிஸ் மொழியை எழுதத் தெரிந்த கொஞ்சம் பேர் அரபு எழுத்தில்தான் எழுதினார்கள். 1920களின் கடைசியில் லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தை முன்னின்று செய்தவர்களில் தினிஸ்தானவ் முக்கியமானவர். சோவியத் அரசே அப்போது அதை ஆதரித்தது. அரபு எழுத்தை விட்டால் மதத்தின் பிடி தளரும் என்பது அவர்கள் கணக்கு, சீக்கிரம் எழுதப்படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பது இவர் போன்றவர்களின் ஆசை. கிராமம் கிராமமாகப் பெரியவர்களும் குழந்தைகளும் ஒரே பலகையில் எழுத்துக் கற்றார்கள். ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' கதையில், தானே அரைகுறையாகப் படித்த ஒருவன் பழைய குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக மாற்றுகிறானே, அது அந்தக் காலம்தான்.

பத்துப் பன்னிரண்டு வருடம்கூட ஆகவில்லை. மாஸ்கோவில் காற்று திசை மாறியது. லத்தீன் வேண்டாம், எல்லோரும் ரஷ்ய எழுத்துக்கு வாருங்கள் என்றார்கள். 1940, 41இல் கிர்கிஸ் மொழி சிரிலிக் எழுத்துக்கு மாறியது. ரஷ்ய மொழியின் 33 எழுத்துகளையும் அப்படியே எடுத்துக்கொண்டு, கிர்கிஸ் ஒலிகளுக்காக மூன்றை மட்டும் கூடுதலாகச் சேர்த்தார்கள். உதட்டைக் குவித்துச் சொல்லும் இரண்டு உயிரெழுத்துகள், அப்புறம் நம் 'ங்'. ரஷ்ய மொழியில் அந்த ஙகர ஒலி கிடையாது. கிர்கிஸுக்கு வேண்டியது மூன்றெழுத்து, வேண்டாத ரஷ்ய எழுத்துகள் பல, எல்லாம் சேர்ந்து 36.

அந்த மாற்றத்தைப் பார்க்க தினிஸ்தானவ் உயிரோடு இல்லை. 1937இல் தேசியவாதி என்று குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். 1938 நவம்பரில் சுட்டுவிட்டார்கள். அவருக்கு வயது 37.

எஜேயின் வீட்டில் ஒரு அலமாரி. கீழ்த்தட்டில் துணியில் சுற்றி ஒரு நோட்டுப் புத்தகம். அவருடைய தாத்தா அரபு எழுத்தில் எழுதியது. அப்பாவுக்கு அது படிக்க வராது, அவர் பள்ளியில் லத்தீனில் கற்றவர். எஜேக்கு அப்பா இளமையில் எழுதிய கடிதங்களைப் படிப்பதே சிரமம், அவர் கற்றது சிரிலிக். மூன்று தலைமுறை, மூன்று எழுத்து, ஒரே மொழி. அந்த நோட்டை ஒரு முறை மசூதியிலிருந்த பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவருக்கு அரபு வாசிக்க வந்தது, ஆனால் அந்த எழுத்தில் எழுதியிருந்த பழைய கிர்கிஸைத் தொடர்ந்து படிக்க வரவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள் தட்டுப்பட்டன. "குதிரை என்று ஒரு இடத்தில் இருக்கிறது. எங்கள் பாட்டி பெயர் ஒரு இடத்தில் இருக்கிறது." அதற்கு மேல் தெரியாது. நான் பார்க்கட்டும் என்று பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். பழுப்பு மை, ரொம்ப அழகான கையெழுத்து.

எழுத்து மட்டும் என்றில்லை, சொல்லும் அப்படித்தான். இதை எனக்குப் புரியவைத்தது எஜேயின் சாப்பாட்டு மேசை. மேசைக்கு ரஷ்ய மொழியில் ஸ்தோல். கிர்கிஸில் உஸ்தோல். சொல் முதலில் 'ஸ்த்' வராது என்பதால் முன்னால் ஒரு உகரத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். நம் ஆட்கள் ஸ்டூலை இஸ்டூல் என்றும் ஸ்கூலை இஸ்கூல் என்றும் சொல்வது போலவே. கட்டிலுக்கு ரஷ்யச் சொல் க்ரவாத், கிர்கிஸில் கெரெபெத். பூதில்கா என்ற பாட்டில் போதோல்கோ ஆனது. சமவார் சமோர் ஆனது. இவையெல்லாம் ரஷ்ய விவசாயிகள் சூய் பள்ளத்தாக்கில் குடியேறி, பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்து, கொடுக்கல் வாங்கலில் வந்த சொற்கள். கூடாரத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கட்டில் புதுசு, அதனால் பெயரும் கூடவே வந்தது. வந்த சொல்லைத் தங்கள் வாயில் போட்டு மென்று தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

சிரிலிக் வந்த பிறகு விதி மாறியது. ரஷ்ய மொழியிலிருந்து வரும் புதுச் சொல்லை ரஷ்ய மொழியில் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எழுத வேண்டும். நாக்குக்கு ஏற்ப வளைக்கக் கூடாது, வளைத்தால் படிக்காதவன் என்று பெயர். வடசொல்லை எடுத்தால் வடவெழுத்தை நீக்கிவிட்டு உன் எழுத்தில் எழுதிக்கொள் என்று தொல்காப்பியம் விதி போட்டுவைத்த மொழியிலிருந்து வந்தவன் நான். இந்த ஒரு விதி ஒரு மொழியை என்ன செய்யும் என்பது எனக்குச் சட்டென்று விளங்கியது. உஸ்தோல் கிர்கிஸ் சொல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கான சொற்கள் கிர்கிஸ் வாக்கியத்துக்குள் ரஷ்யச் சொற்களாகவே உட்கார்ந்திருக்கின்றன. என் மருத்துவப் பாடநூலில் இருந்தவை பெரும்பாலும் அவைதான்.

சரி, ஐந்து சோமுக்கு வருகிறேன். அதில் இருப்பது புபுசாரா பெய்ஷெனாலியேவா, முதல் கிர்கிஸ் பாலே நடனக் கலைஞர். நோட்டின் பின்பக்கம் பிஷ்கெக்கின் ஓபரா பாலே அரங்கம். 1926இல் பிஷ்கெக் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பத்து வயதில் லெனின்கிராடின் புகழ்பெற்ற நடனப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே அக்ரிப்பினா வாகனவாவிடம் கற்றார். இன்றைக்கு உலகம் முழுக்க பாலே சொல்லிக்கொடுக்கும் முறைகளில் ஒன்று அந்த வாகனவாவின் பெயரில்தான் இருக்கிறது. பாலே ரஷ்யர்களின் சொந்தக் கலையும் இல்லை. இத்தாலியிலும் பிரான்ஸிலும் வளர்ந்ததை எடுத்து, மாரியஸ் பெத்திப்பா என்ற பிரெஞ்சுக்காரரை வைத்துப் பீட்டர்ஸ்பர்க்கில் உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் அவர்கள். அது அங்கிருந்து கிளம்பி, மேடை என்ற ஒன்றே இல்லாத, ஆடு குதிரையோடு மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஜனங்களின் ஒரு பெண் குழந்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1958இல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. 47 வயதுகூட நிறையாமல் 1973இல் இறந்துபோனார்.

அந்த அரங்கத்துக்கு எஜே என்னை மூன்று முறை கூட்டிப்போயிருக்கிறார். மாணவனால் வாங்கக்கூடிய விலையில்தான் டிக்கெட் இருந்தது. உள்ளே நுழைந்ததும் பாட்டிகள் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து நல்ல செருப்பை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். வெளியே பனி, உள்ளே வெல்வெட் நாற்காலி. திரை விலகும்போது எஜேயின் முதுகு தானாக நிமிரும். "இது எங்களுடையதா என்று கேட்காதே. நான் ஏழு வயதிலிருந்து இங்கே வருகிறேன்" என்றார் ஒரு முறை. நான் கேட்கவே இல்லை. அவருக்குள் யாரோ எப்போதும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள் போல.

ஐம்பது சோமில் குர்மான்ஜான் தாத்கா, அலாய் மலைகளின் அரசி. 1876இல் ரஷ்யப் படை வந்தபோது, எதிர்த்தால் தன் மக்கள் அழிவார்கள் என்று கணக்குப் பார்த்து ரஷ்ய ஆட்சியை ஏற்றுக்கொண்டவர். 1895இல் அவருடைய மகன் கம்சிபெக்கை ஓஷ் நகரத்தில் எல்லோரும் பார்க்கத் தூக்கிலிட்டார்கள். சுற்றி நின்ற மக்கள் அவர் ஒரு வார்த்தை சொன்னால் பாயத் தயாராக இருந்தார்கள், அவர் சொல்லவில்லை என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1906இல் அந்தப் பக்கம் பயணம் வந்த ரஷ்யப் படை அதிகாரி ஒருவர் அவரைக் குதிரைமேல் வைத்துப் படம் எடுத்தார். அந்த அதிகாரியின் பெயர் மன்னர்ஹைம், பிற்காலத்தில் பின்லாந்தின் ஜனாதிபதி ஆனவர். அடுத்த வருடம் அரசி காலமானார்.

அவர் தவிர்க்கப் பார்த்தது பத்து வருடம் கழித்து நடந்தது. நல்ல நிலமெல்லாம் குடியேறிகளுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். 1916இல் 19 முதல் 43 வயது வரையுள்ள ஆண்கள் போர்முனைக்குப் பின்னால் வேலை செய்ய வர வேண்டும் என்று ஜார் ஆணை போட்டார். மக்கள் கிளர்ந்தார்கள். படை வந்தது. குடும்பம் குடும்பமாக மலைக் கணவாய்கள் வழியாகச் சீனாவுக்கு ஓடினார்கள். பனியிலும் பசியிலும் துப்பாக்கிச் சூட்டிலும் செத்தவர்கள் பல்லாயிரம் பேர். கிர்கிஸ்காரர்கள் அதை 'உர்குன்' என்கிறார்கள், பெருஓட்டம். எஜே படித்த பள்ளிப் புத்தகத்தில் அது ஒரு பத்திகூட இல்லை. அவர் சொல்லிக்கொடுத்த புத்தகத்திலும் இல்லை.

பிஷ்கெக்கிலிருந்து தெற்கே சோங்-தாஷ் என்ற இடம், 30 கிலோமீட்டர்தான் இருக்கும். எஜேயின் தம்பி காரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். மலையடிவாரம், செங்கல் சூளை இருந்த பழைய பள்ளம். 1938இல் சுட்டுக் கொன்றவர்களை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து அதில் போட்டு மூடியிருக்கிறார்கள். 130க்கும் மேற்பட்டவர்கள். அங்கே காவலுக்கு இருந்த ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் சாகும் தறுவாயில் மகளிடம் சொன்னார். மகள் பல வருடம் நெஞ்சிலேயே வைத்திருந்து, சோவியத் ஆட்சி தளர்ந்த பிறகு வெளியே சொன்னார். 1991இல் தோண்டினார்கள். எலும்புகளோடு ஒரு குற்றப்பத்திரிகைக் காகிதமும் கிடைத்தது, பெயர் படிக்கும்படி இருந்தது, தொரெகுல் ஐத்மாத்தவ். 'ஜமீலா' எழுதியவரின் அப்பா.

அப்பா காணாமல் போகும்போது சிங்கிஸுக்கு ஒன்பது வயதுகூட நிறையவில்லை. அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிராமத்துக்கு வந்துவிட்டார். அந்தப் பையன் வளர்ந்து, தன் அப்பாவைக் கொன்ற ஆட்சியின் மொழியில் எழுதி, அந்த ஆட்சியின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான லெனின் பரிசை 1963இல் வாங்கினார். கிர்கிஸிலும் எழுதினார், ரஷ்ய மொழியிலும் எழுதினார். ரஷ்ய மொழி வழியாகத்தான் அவர் பாரிஸுக்குப் போனார், எங்கள் அப்பாவின் அலமாரிக்கும் வந்தார். 53 வருடம் கழித்து அப்பாவின் எலும்பு கிடைத்த இடத்துக்கு அத்தா-பெய்த் என்று பெயர் வைத்தவர் அவர்தான். தந்தையர் கல்லறை. 2008இல் அவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். தினிஸ்தானவும் அந்தப் பள்ளத்தில் இருந்தவர்தான். எஜே அங்கே எதுவும் பேசவில்லை. அங்கே பொறித்திருந்த பெயர்களை வாய்விட்டு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனார், பள்ளியில் வருகைப் பதிவேடு எடுப்பது போல.

'மங்குர்த்' என்ற சொல் 1980இல் வந்த ஐத்மாத்தவின் நாவலால்தான் பரவியது. பிடித்துவந்த அடிமையின் தலையை மழித்து, ஒட்டகத்தின் பச்சைத் தோலை இறுக்கிக் கட்டி வெயிலில் விட்டுவிடுவார்கள். தோல் காயக் காய இறுகும். பிழைத்தவனுக்கு ஞாபகம் போய்விடும். தேடி வந்த தாயையே அடையாளம் தெரியாமல் அம்பு விடுகிறான் அந்த மகன். இன்றைக்கு கிர்கிஸ்தானில் தாய்மொழி தெரியாதவனைத் திட்டும் வார்த்தை அது. வார்டில் அழுத அந்தப் பெண்ணை யாரோ உறவினர் ஒரு கல்யாண வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. தலையில் தோலைக் கட்டியவனை விட்டுவிட்டுக் கட்டுப்பட்டவனைத் திட்டுகிற வேலை அது.

எஜேயின் நிலைமை இன்னும் சிக்கல். 1989இல் கிர்கிஸ் மொழி அரசு மொழி ஆனது. ரஷ்ய மொழி ஆசிரியைகளைப் பார்க்கும் பார்வை மாறியது. 2000இல் ரஷ்ய மொழிக்கும் அலுவல் மொழி என்ற இடம் கிடைத்தது. வேலைக்கு மாஸ்கோ போகும் இளைஞர்களுக்கு அந்த மொழி வேண்டும். சில வருடங்களில் நாட்டு வருமானத்தில் கால் பங்குக்கும் மேல் அப்படி வெளியே போனவர்கள் அனுப்பிய பணம்தான். ஆக இந்த மொழியை விடவும் முடியாது, வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. எஜேக்குப் புஷ்கின் மனப்பாடம். பாத்திரம் கழுவிக்கொண்டே 'ஒனேகின்' பாடல்களை முணுமுணுப்பார். அவரிடம் இன்னொரு ஒனேகினும் இருந்தது, கிர்கிஸில். அதை மொழிபெயர்த்த அலிகுல் ஒஸ்மோனவ் இருநூறு சோம் நோட்டில் இருக்கிறார். அநாதை விடுதியில் வளர்ந்து, காசநோயோடு எழுதி, 35 வயதில் இறந்த கவிஞர். ஜார்ஜியாவின் பழங்காவியமான 'புலித்தோல் போர்த்த வீரனை'யும் அவர் கிர்கிஸுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு கிர்கிஸ் வீடுகளில் பிள்ளைகளுக்கு அந்தக் காவிய நாயகர்களின் பெயரான தாரியேல், அவ்தாண்டில் என்றெல்லாம் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வகுப்பிலேயே ஒரு அவ்தாண்டில் இருந்தான். ஒஸ்மோனவின் மொழிபெயர்ப்பைப் படிக்கும்போது மட்டும் எஜே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு படிப்பார். "இதில் புஷ்கின் எங்கள் ஊரில் பிறந்த மாதிரி பேசுகிறார்" என்பார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அவர் வீட்டில் சாப்பிட்டேன். உஸ்தோல் மேல் போர்சோக் என்ற எண்ணெயில் பொரித்த சின்னச் சின்ன ரொட்டி, ராஸ்பெர்ரி ஜாம், நடுவில் அவர் பாட்டி காலத்துச் சமோர். கிர்கிஸ்காரர்கள் டீயைக் கோப்பை நிறைய ஊற்ற மாட்டார்கள். பாதி ஊற்றுவார்கள், தீரத் தீர ஊற்றுவார்கள். நிறைய ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

நோட்டுகள் இருந்த கவரின் மேல் அவர் தாத்தாவின் பெயரை மூன்று வரியாக எழுதியிருந்தார். முதல் வரி அரபு எழுத்து, அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்து வரைந்தது. இரண்டாவது லத்தீன், அப்பா எழுதும் விதத்தில். மூன்றாவது சிரிலிக், அவருடைய ஆசிரியைக் கையெழுத்தில். பேனாவை என்னிடம் நீட்டி, "பாலாம், உன் எழுத்திலும் எழுது" என்றார். பாலாம் என்றால் என் குழந்தை.

எழுதினேன். நாலாவது வரியில் அவர் தாத்தாவின் பெயர் தமிழில். அவர் விரலால் ஒவ்வொரு எழுத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"நீங்கள் எத்தனை தடவை மாற்றினீர்கள்?"

1978இல் சில எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தினார்கள், லை, னை மாதிரி சில, அவ்வளவுதான் என்றேன். "எங்கள் தாத்தா எழுதியதை நான் படிப்பேன்."

எஜே கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என் கோப்பையை வாங்கி, பாதி டீ ஊற்றிக் கொடுத்தார்.